பஞ்சம்மாளின் சாட்சிக் கையெழுத்து

ஓடிப்போகிறவள் யாராவது பட்டப்பகலில், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, போகிற வழியில் நாலு வீட்டு வாசலில் நின்று, "பெரியகுளம் போறேன், எதுவும் வாங்கியாரணுமா?" என்று கேட்டுக்கொண்டா போவாள்? பேசுகிறவர்கள் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

பஞ்சம்மாள் தபால்காரனோடு போய்விட்டாள், முத்துப்பேச்சிக்கு வந்த மணியார்டரை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள், போதாததற்குக் காதில் கிடந்த தண்டட்டியையும் கழற்றி அவனுக்கே கொடுத்துவிட்டாள். இதுதானே ஓடைக்கரைப்பட்டிக் குழாயடியில் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற பேச்சு? தண்ணீர் நின்றாலும் இது நிற்பதில்லை.

ஒவ்வொன்றாக எடுப்போம். தபால்காரன் ஞானசிகாமணிக்கு அப்போது வயது இருபத்துநாலு. பஞ்சம்மாளுக்கு நாற்பத்துமூன்று, முழங்கால் வலி வேறு. இரண்டு பேரும் ஓடுவதென்றால் ஒருவர் ஓட வேண்டும், மற்றவர் மைல்கல்லுக்கு மைல்கல் உட்கார்ந்து வர வேண்டும். தண்டட்டி போனது உண்மை. போனது சின்னமனூர் அடகுக்கடைக்கு, ஞானசிகாமணியின் காதுக்கு இல்லை. ஒன்பது நாள் அவள் ஊரில் இல்லாததும் உண்மை. தபால் இன்ஸ்பெக்டர் கேம்ப் போயிருந்தார், அவர் வருகிறவரைக்கும் காத்திருந்தாள். எங்கே காத்திருந்தாள்? அல்லிநகரத்தில், ஞானசிகாமணியின் அம்மா ஞானபாக்கியம் வீட்டில். அந்த அம்மாள் முறைத்துப் பார்த்தால் பால் திரிந்துபோகும். அந்த வீட்டில் வைத்துச் சரசம் பண்ண முடியும் என்று நினைக்கிறவர்கள் ஒரு வேளை அங்கே சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

மிச்சம் இருப்பது பங்கு போட்ட பழி. பங்கு போட்டது நிஜம்தான். பணத்தை இல்லை, தண்டத்தை. தப்பான ஆளுக்குப் போன முப்பது ரூபாயில் பாதியைத் தபால்காரன் கட்டினான், பாதியைப் பஞ்சம்மாள் கட்டினாள். அது எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் விளங்கும்.

பஞ்சம்மாள் கல்யாணமான கையோடு புருஷனுடன் மேகமலை ஏறியவள். பத்து வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளினாள். எஸ்டேட்டில் சம்பள நாளன்று கைநாட்டு வைக்கிறவர்களுக்கு ஒரு வரிசை, கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வரிசை. கைநாட்டு வரிசை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் வரைக்கும் நீளும். கையெழுத்து வரிசையில் நாலு பேர் நிற்பார்கள். பஞ்சம்மாளுக்கு வரிசையில் நிற்கப் பிடிக்காது. கிளார்க் வீட்டம்மாளுக்கு வாரம் ஆறு முட்டை என்று பேசி, தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டாள். வேறு ஒரு எழுத்தும் கற்கவில்லை. முட்டைக்குக் கட்டுப்படியாகாது என்றாள்.

புருஷன் போனபிறகு மலையிறங்கி, ஓடைக்கரைப்பட்டியில் அண்ணன் சுருளியாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த இடத்தில் அந்தக் கையெழுத்துக்கு ஒரு மவுசு காத்திருந்தது. ஊர் ஆண்களில் பாதிப்பேர் மேகமலையில் வேலை செய்தார்கள். மாதம் பிறந்தால் பெண்டாட்டிமார் பெயருக்கு மணியார்டர் வரும். பெண்டாட்டிமாருக்கு எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான். கைநாட்டு வைத்தால், "இன்னார்தான் வாங்கினார், நான் பார்த்தேன்" என்று இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பஞ்சம்மாளை விட்டால் ஆள் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் இரண்டொருவர் இருந்தார்கள். ஆனால் புருஷன் இல்லாத வீட்டு வாசலில் அவர்கள் போய் நின்றால் அது தனிக் கதையாகிவிடும்.

ஆகவே மாதம் பிறந்தால் பஞ்சம்மாளுக்கு முருங்கைக்காய் வரும், மொச்சை வரும், "அக்கா, தலை வலிக்கிதாமே" என்று சுக்குக்காப்பிகூட வரும். அவளும் மறுத்ததில்லை. பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு, அதை மறைப்பானேன்?

ஒரே ஒரு கஷ்டம், அவளுடைய கையெழுத்துக்குப் பிடிக்கிற நேரம். அவள் எழுதுவதில்லை, கோலம் போடுவாள். முதலில் பேனாவை உதறுவாள். பிறகு ஃபாரத்தைத் திருப்பி, சாய்த்து, மறுபடி நேராக்குவாள். ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைப்பாள். ஒரு கையெழுத்துக்குள் ஒரு உலை கொதித்துவிடும். பழைய தபால்காரர் பொறுமைசாலி, வீடு வீடாகக் கூட வந்து நிற்பார். அவர் ஓய்வுபெற்று ஞானசிகாமணி வந்தான். புதுச் சைக்கிள், புதுச் சட்டை, கால் தரையில் நிற்காத வயசு. இரண்டாவது மாதமே ஒரு வழி கண்டுபிடித்தான்.

"பஞ்சக்கா, ஊருக்குள்ள நுழைஞ்ச ஒடனே ஒங்க வீடுதான. மொத்த ஃபாரத்தையும் இங்கனயே வச்சு மொதல்ல நீங்க போட்டுருங்க. நான் ஊர் சுத்தி நாட்டு வாங்கிக்கிறேன்."

"பாக்குறதுக்கு முந்தியே பாத்தேன்னு போடச் சொல்றியே தம்பி."

"நீங்க பாக்காத மொகமாக்கா இந்த ஊர்ல?"

அது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. அவள் பார்க்காத முகம் ஊரில் இல்லைதான். அன்றிலிருந்து மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு கையெழுத்தை மொத்தமாக இறக்கி வைத்தாள். வெறும் இடத்துக்குச் சாட்சி. இதுதான் அவள் செய்த தப்பு. வேறு தப்பு அவளிடம் இல்லை. இல்லை, பிறகு ஒன்று செய்தாள். அதுவும் வரும்.

ஞானசிகாமணிக்கு முகம் எதுவும் பழகவில்லை. அதனால் பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பான்: "அனுப்புனது யாரு?" கேள்வி நல்ல கேள்விதான். பதில் சொல்லத்தான் எவளுக்கும் வாய் வராது. புருஷன் பெயரை எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? பவுனு என்பவளின் புருஷன் பெயர் சுருளிவேல். அவள் சுருளி மலை இருக்கிற திக்கைக் கையால் காட்டினாள். அப்புறம் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, கையிலிருந்த உலக்கையை முருகன் கையில் வேல் நிற்பதுபோல நிறுத்திக் காட்டினாள். ஞானசிகாமணி பயந்து சைக்கிளைப் பின்னால் தள்ளினான். உலக்கையால் அடிக்க வருகிறாள் என்று நினைத்துவிட்டான். இப்படி ஒரு பெயரை வாங்குவதற்குள் ஒரு தெரு முடிந்துவிடும்.

எழுபத்தோராம் வருஷம் பங்குனி மாதம், சின்னக்கருப்பு என்பவன் தன் பெண்டாட்டி முத்துப்பேச்சிக்கு முப்பது ரூபாய் அனுப்பினான். அடுத்த மாதம் வீரபாண்டித் திருவிழாவுக்கு மலையிறங்கி வந்தான். வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "பணத்துக்கு என்ன வாங்கின?"

"எந்தப் பணம்?" என்றாள் முத்துப்பேச்சி.

அவன் சட்டைப்பையிலிருந்து ரசீதுத் துண்டை எடுத்தான். பணம் சேர்ந்ததற்கு அடையாளமாக மலைக்குத் திரும்பிப் போயிருந்த துண்டு. அதில் மை அப்பி, ரேகை தெரியாமல் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. "இது என்ன, ஒங்க ஆத்தா விரலா?" என்று கத்தினான். அவள் தன் விரல் இல்லை என்றாள். அவன் தபால் ஆபீசுக்குப் போய்க் கத்தினான். ஒரு வாரத்தில் பெரியகுளத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார்.

கோயில் முன்னால் நாற்காலி போட்டார்கள். பாதி ஊர் கூடியது, மீதி ஊர் கூரையில் ஏறியது. இன்ஸ்பெக்டர் சத்தம் போடாத மனுஷர். நிதானமாகச் சொன்னார்: "பணம் தப்பான ஆளுக்குப் போயிருந்தால், சொந்தக்காரருக்கு இலாகா கொடுத்துவிடும். அப்புறம் அதைக் கொடுத்தவரிடமிருந்து வாங்கும். பார்த்தேன் என்று சாட்சி போட்டவரும் பதில் சொல்ல வேண்டும்." பிறகு ஃபாரத்தைப் பஞ்சம்மாளிடம் நீட்டினார். "இது உங்கள் கையெழுத்தாம்மா?"

"என்னுதுதான்." அதைச் சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

"முத்துப்பேச்சி நாட்டு வைத்ததைப் பார்த்தீர்களா?"

பக்கத்தில் ஞானசிகாமணிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. கூரை மேலிருந்தவர்கள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். பார்க்கவில்லை என்றால், இத்தனை மாதம் போட்ட கையெழுத்தெல்லாம் என்ன ஆகும்? முருங்கைக்காய் தின்றதெல்லாம் என்ன ஆகும்? யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பாத்தேன்" என்றாள்.

இதுதான் அந்த இரண்டாவது தப்பு.

இன்ஸ்பெக்டர் அதை எழுதினார், வாசித்துக் காட்டினார், அதற்கும் அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். அன்றைக்கு ஒரு எழுத்து வளைந்துபோனது. முத்துப்பேச்சி அழவில்லை. கிட்டே வந்து, "நெசமாவா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். பொழுது சாய்வதற்குள் சின்னக்கருப்பு அவளையும் அவளுடைய தகரப் பெட்டியையும் தேவாரத்தில் அவள் ஆத்தா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். பணத்தைத் தின்றுவிட்டுப் பொய் சொல்கிறவளோடு குடித்தனம் இல்லை என்றான்.

அடுத்த மாதம் பிறந்தது. ஞானசிகாமணி ஃபாரக் கட்டோடு வந்து நின்றான். பஞ்சம்மாள் பேனாவைத் தொடவில்லை.

"தம்பி, இப்பிடி உக்காரு. அன்னைக்கு முத்துப்பேச்சி கிட்டத்தான் குடுத்தியா?"

"அவுக வீட்டு வாசல்ல வச்சுத்தான் குடுத்தேன். பொடைக்கிற சொளகு ஒண்ணக் கையில வச்சுக்கிட்டு நின்னாக."

"முத்துப்பேச்சின்னு எப்பிடிக் கண்ட?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பினாக. அனுப்புனது யாருன்னு கேட்டேன். ஒலக்கையெல்லாம் தூக்காம பட்டுன்னு சொன்னாக: ‘மேகமல சின்னக்கருப்பு’ன்னு. இந்த ஊர்லயே ஒழுங்காப் பதில் சொன்ன ஒரே ஆளு அவுகதான். சந்தோசத்துல வேற ஒண்ணும் கேக்கல."

பஞ்சம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "பட்டுன்னா சொன்னா?"

"கணீர்னு."

"அட கூறுகெட்டவனே! ஒங்க ஆத்தா ஒங்கப்பாவ என்னன்னு கூப்பிடுவா?"

"ஜெபராணி அப்பான்னு. ஜெபராணி எங்கக்கா..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். மெல்ல எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "பஞ்சக்கா... அப்ப பேரச் சொன்ன ஆளு..."

"பேரச் சொன்னவ பெண்டாட்டி இல்லடா. கூடப் பொறந்தவ."

சின்னக்கருப்புக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், அவனுக்கு மூத்தவள், அவன் வீட்டுக்கு எதிர் வீட்டு அக்கம்மாள். பஞ்சம்மாள் அந்த நிமிஷமே போனாள். அக்கம்மாள் வீட்டு முளைக்குச்சியில் ஒரு வெள்ளாடு புதிதாகக் கட்டியிருந்தது. வயிறு கனத்த ஆடு. அது மென்றுகொண்டே பஞ்சம்மாளைப் பார்த்தது.

"ஆடு எப்ப வாங்கினீக, அக்கா?"

"பங்குனியில." அக்கம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். ஒளிவுமறைவே இல்லை. "ஒனக்கு எப்ப ஒறைக்கும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அடுத்தவ பணத்த வாங்கலாமா?"

"எவ அடுத்தவ? என் தம்பி காசு. அவன இடுப்புல தூக்கித் திரிஞ்சது நானா அவளா? எங்க வீட்டுச் சொளக எடுத்துட்டு வரத்தான் அங்கன போனேன். அவ களையெடுக்கப் போயிருந்தா. பேரக் கூவிக்கிட்டே வந்தான், திரும்பிப் பாத்தேன். திரும்பிப் பாத்தது ஒரு குத்தமா? நானா போயிக் கேட்டேன்? தேடி வந்து அவன்தான் குடுத்தான்."

"விரல நீட்டினீகளே."

"நீட்டச் சொன்னான், நீட்டினேன். தப்பான ஆளுக்குக் குடுத்தது அவன். பாக்காமலே பாத்தேன்னு போட்டது நீ. நடுவுல என்னைய எதுக்கு இழுக்குற?"

"முத்துப்பேச்சி வாழாவெட்டியா ஒக்காந்திருக்காளே, அக்கா. தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லலாமில்ல?"

அக்கம்மாளுக்கு அது மட்டும் கொஞ்சம் குத்தியிருக்க வேண்டும். அடுப்பில் இருந்த கண்ணை எடுக்கவில்லை. "நான் என்ன சொல்றது? ஆபீசர் முன்னால நீ பாத்தேன்னுட்ட. நான் ஒன் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டு இருக்கேன்."

பஞ்சம்மாள் வந்த வழியே திரும்பினாள். ஆடு ஆனியில் இரண்டு குட்டி போட்டது. அதை விடுங்கள்.

சின்னக்கருப்பு லீவு முடிந்து மேகமலைக்கு ஜீப் ஏறுவதற்காகச் சின்னமனூர் டீக்கடையில் நின்றான். அங்கேயே போய்ப் பிடித்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள், தன் பொய்யையும் சேர்த்து. அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்:

"ஆபீசர் முன்னால பாத்தேன்னீக. டீக்கடையில பாக்கலங்கிறீக. நான் எத நம்புறது? எங்கக்கா என்னைய வளத்தது. அது மேல பழி போடுறதுன்னா, பேப்பர்ல எழுதி வரட்டும்."

"எழுதி வந்தா?"

"ஆபீசர் முன்னாலயே மாத்திச் சொல்லுங்க. அவுக எழுதட்டும். சேதி வந்த அன்னைக்கே தேவாரம் போயி அவ கால்ல விழுந்து கூட்டியாரேன்."

சொன்னபடி செய்தவன்தான் அவன், அதையும் சொல்லிவிட வேண்டும். காலில் விழுந்தான், முத்துப்பேச்சி மூன்று நாள் விழ வைத்தாள். ஆனால் அது பின்னால் நடந்தது. அப்போதைக்குப் பஞ்சம்மாள் முன்னால் இருந்தது ஒரே ஒரு காரியம்: பெரியகுளம் போய், நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பணம் கட்ட வேண்டும். ஞானசிகாமணிக்கு வேலைகூடப் போகலாம்.

அவனிடம்தான் முதலில் சொன்னாள். பையன் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னையக் குழியில தள்ளிட்டீகளே அக்கா."

"நானும் அதே குழியிலதாண்டா நிக்கிறேன். நாமளாப் போயிச் சொன்னா தப்புன்னு எழுதுவாக. அவுகளாக் கண்டுபிடிச்சா திருட்டுன்னு எழுதுவாக. எது வேணும் ஒனக்கு?"

வெகுநேரம் மணியை அடித்துக்கொண்டே நின்றான். கடைசியில், "தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்களும் கூட வருவீகளா?" என்றான்.

இவ்வளவுதான் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிய மர்மம். அவள் முன்னால் பெண்கள் சீட்டில், அவன் பின்னால் படிக்கட்டில். வேலையும் போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். அந்தக் கடிதத்தை அவன் அம்மா படித்த பிறகு அவன் பட்ட பாடுதான் பெரிய தண்டனை.

ஆனால் பஸ்ஸுக்கு முன்னால் வீட்டு வாசல் ஒன்று இருந்தது. அன்று காலையில் தண்டட்டியைச் சுருக்குப்பையில் முடிந்துகொண்டு, வெற்றுக் காதோடு பஞ்சம்மாள் வந்தபோது அண்ணன் சுருளியாண்டி வாசலை அடைத்து நின்றார். கெட்டவர் இல்லை. வாழைத்தார் ஏற்றி ஊர் ஊராகச் சந்தைக்குப் போகிற மனுஷர், சந்தையில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதிலேயே வாழ்ந்தவர். இரண்டு கையையும் நிலைக்கதவில் ஊன்றியிருந்தார்.

"பொம்பள ஆபீசுக்குப் போயி, நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கப் போறியா? குடும்ப மானம் என்னாகும்?"

"பொய் சொன்னன்னைக்கே போயிருச்சே அண்ணே."

"அது யாருக்குத் தெரியும்?"

"முத்துப்பேச்சிக்குத் தெரியும்."

"அவ ஒருத்திக்காக இருக்கிறதையும் அடகு வப்பியா? பாத்தேன்னு சொல்லியாச்சு, பாத்ததாவே இருக்கட்டும். தபால்காரப் பய எக்கேடும் கெடட்டும்."

உள்ளேயிருந்து அண்ணன் பெண்டாட்டி இருளம்மாளின் குரல் வந்தது. "போறவள எதுக்கு மறிக்கிறீக? போகட்டும். திரும்பி வந்தா சேக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

"சரி மதினி. நான் வர்ற வரைக்கும் அடக்கோழிய எழுப்பிராதீக. இன்னும் நாலு நாள்ல பொரிச்சிரும்."

"பாத்தீகளா, பேசுற பேச்ச!"

சுருளியாண்டி குரலை உயர்த்தினார். "பஞ்சு, சொல்லிட்டேன். இந்த வாசலத் தாண்டுன..."

"தாண்டுனா?"

அவர் அதற்கு மேல் யோசித்து வைத்திருக்கவில்லை. "தாண்டுனா... தாண்டுனதுதான்."

பஞ்சம்மாள் தலையாட்டினாள். அவள் சண்டைக்கு நிற்கவில்லை, அழவுமில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டது. ஞானசிகாமணி வந்துவிட்டான், பயத்தில் அடித்துக்கொண்டே இருந்தான். இந்த மனுஷர் கையை எடுக்கிற வழியாக இல்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தினமும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"அண்ணே, பெரியகுளத்துக்கு இப்ப எந்த பஸ்ஸு?"

வாழைத்தாரோடு இருபது வருஷம் பஸ் ஏறிய வாய் அது. பஸ் என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

"எட்டேகாலுக்கு ஒண்ணு. அத விட்டா பத்தரைக்குத்தான். எட்டேகால் வண்டி மேக்க பாத்து நிக்காது, அங்கன, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போயி நிக்கும்..."

புளியமரத்தைக் காட்டுவதற்காக நிலையிலிருந்து வலது கையை எடுத்திருந்தார். அந்தக் கை திரும்பி வருவதற்குள் பஞ்சம்மாள் தெருவில் இருந்தாள்.